பூனை இருக்கும் வீட்டில் எந்தச் செடி வைக்கலாம்?

மாடித்தோட்டத்துக்கு விதை எங்கே கிடைக்கும், மாவுப்பூச்சிக்கு என்ன தெளிப்பது என்ற வழக்கமான கேள்விகளுக்கு நடுவே இப்போது இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. 'வீட்டில் பூனை இருக்கிறது. எந்தச் செடி வைக்கலாம், எது கூடாது?' என்று கேட்கிறார்கள். நகரத்து அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, நெல் மூட்டைக்கும் கடலை மூட்டைக்கும் காவலாகப் பூனை வளர்க்கும் விவசாயிகளும் கேட்கிறார்கள். முற்றத்தில் இரண்டு குரோட்டன்ஸ், திண்ணையில் ஒரு மணிபிளான்ட், கூடத்தில் ஒரு பாம் என்று கிராமத்து வீடுகளிலும் அழகுச் செடிகள் வந்துவிட்டன. அதனால் இது எல்லோருக்குமான கேள்விதான்.

பூனைக்கு ஆகாத செடிகளின் பட்டியலைத் தேடினால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். அதைப் படித்தவர்கள் ஒன்று எல்லாச் செடிகளையும் தூக்கி எறிகிறார்கள், அல்லது 'இதெல்லாம் பார்த்தால் முடியாது' என்று எதையும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பட்டியலில் உள்ள எல்லாச் செடிகளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. உயிரைப் பறிப்பவை சில. வாயை அரிக்க வைப்பவை, வயிற்றைக் கெடுப்பவை பல. இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் செடியையும் வைத்துக்கொள்ளலாம், பூனையையும் காப்பாற்றலாம்.

பூனைக்கே தெரியாதா?

'ஆகாத இலையை மிருகம் தொடாது' என்பது நம்மிடையே உள்ள நம்பிக்கை. ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதொடைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். வெளியில் மேயும் ஆட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். அதற்கு முன்னால் பத்து வகை இலை இருக்கிறது. கசப்பதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். ஆனால், பஞ்ச காலத்தில் அதே ஆடு அரளியைக் கடித்துச் செத்துப்போவதையும் பார்த்திருக்கிறோம். தேர்ந்தெடுக்க வேறு இல்லாதபோது மிருகத்தின் அறிவு உதவுவதில்லை.

கதவு சாத்திய வீட்டில் வளரும் பூனையின் நிலையும் அதுதான். பூனை ஊன் தின்னும் பிராணி என்றாலும், இடையிடையே பச்சை இலையைக் கடிப்பது அதன் இயல்பு. வெளியில் திரியும் பூனை அருகம்புல்லைத் தேடிப்போய்க் கடிக்கும். வீட்டுக்குள் இருக்கும் பூனைக்குக் கிடைப்பது தொட்டியில் நீங்கள் வைத்திருப்பது மட்டும்தான். குட்டிகளோ அசைகிற எதையும் பிடித்து விளையாடி, கடித்துப் பார்க்கும். நீண்டு தொங்கும் ஓலை, நாடா போன்ற இலை, ஆடும் கொடி நுனி ஆகியவை பூனையைச் சுண்டி இழுக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பூனையின் கல்லீரல் நம்முடையதைப் போன்றதல்ல. தாவரங்களில் உள்ள பல வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதிகளில் சில பூனைக்கு மிகக் குறைவு. மனிதருக்கும் நாய்க்கும் ஒன்றும் செய்யாதது பூனைக்கு நஞ்சாக மாறுவது இதனால்தான். நமக்குக் காய்ச்சல் குறைக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், பூனை இறந்துபோகும். 'இது மூலிகைதானே' என்ற எண்ணத்தைப் பூனை விஷயத்தில் மறந்துவிட வேண்டும்.

பூனை தன் உடலை நக்கியே சுத்தம் செய்யும். அதனால் கடிக்காவிட்டாலும் முடியில் ஒட்டிய மகரந்தம், பால், மருந்துத் துளி எல்லாம் கடைசியில் அதன் வயிற்றுக்குள்தான் போகும்.

முதல் தரம்: வாசலைத் தாண்டக் கூடாதவை

லில்லி: இந்தப் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். பூச்செண்டுகளில் பெரிய எக்காளம் போல விரிந்து, வெள்ளை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் வருகிறதே, அந்த லிலியம் மலர். நீலகிரிப் பகுதியில் பசுமைக்குடில்களில் இதைச் சாகுபடி செய்கிறார்கள். ஆசியாட்டிக், ஓரியண்டல் ஆகிய இரு வகைகளும் பூனைக்கு ஒரே மாதிரி ஆபத்தானவை. இலை, தண்டு, இதழ், மகரந்தம், கிழங்கு, ஏன், பூ வைத்த ஜாடித் தண்ணீர்கூட நஞ்சுதான். இரண்டு இலையைக் கடித்தாலோ, மூக்கிலும் முடியிலும் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ போதும். சில மணி நேரத்தில் வாந்தி வரும். பிறகு தேறியது போலத் தெரியும். அந்த நேரத்தில்தான் சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருக்கும். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் முழுவதுமாக நின்றுவிடும். தோட்டங்களில் வைக்கும் டே லில்லிக்கும் இதே குணம் உண்டு. நாய்க்கு இது வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனைக்கு மட்டும் சிறுநீரகத்தையே அழித்துவிடும்.

பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் வரும் பூங்கொத்துகளைப் பிரித்துப் பார்த்து, லில்லி இருந்தால் வெளியிலேயே வைத்துவிடுங்கள். மகரந்தப் பையை மட்டும் கிள்ளிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். இலையும் இதழும் மிச்சம் இருக்கின்றன.

சைகஸ்: நர்சரிகளில் சாகோ பாம் என்று விற்கப்படுவது இதுதான். பார்க்கக் குட்டித் தென்னை போலக் கம்பீரமாக இருப்பதால் வாசலில் இரண்டு பக்கமும் வைக்கிறார்கள். பாம் என்று சொன்னாலும் இது பனை, தென்னை இனமே அல்ல. இதிலுள்ள சைகசின் என்ற பொருள் கல்லீரலைச் சிதைக்கும். எல்லாப் பாகங்களும் நஞ்சு. விதைதான் மிகக் கொடியது. நாயும் இதற்குப் பலியாகும்.

அரளி வகைகள்: செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் பூப்பூக்கும் தங்க அரளி ஆகியவை இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு கொண்டவை. காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. சேலம் மாவட்டத்தில் அரளி சாகுபடி செய்யும் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. கவாத்து செய்த கிளைகளை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடமாட்டார்கள். ஆனால், மொட்டை மாடிகளில் இப்போது பிரபலமாக உள்ள அடினியமும் அரளிக் குடும்பம்தான் என்பது பலருக்குத் தெரியாது. அதன் அடிப்பருத்த தண்டில் வரும் பாலும் இதயத்தைத் தாக்கும். எருக்கும் அப்படியே.

ரணகள்ளி: 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று சிறுவர்கள் புத்தகத்தில் வைத்து விளையாடும் இலை. சிறுநீரகக் கல்லுக்குக் கைவைத்தியமாக வீட்டில் வளர்க்கிறார்கள். இதுவும், இதே இனத்தைச் சேர்ந்த கலஞ்சோ பூச்செடிகளும் இதயத்தைப் பாதிக்கும் பொருள்களைக் கொண்டவை. பூவில் அது அதிகம்.

செங்காந்தள்: நமது மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. இதிலுள்ள கோல்ச்சிசின் மருந்துக்குப் பயன்படுவதுதான்; ஆனால் அளவு மீறினால் மனிதரையே கொல்லும். கிழங்கிலும் விதையிலும் நஞ்சு செறிந்திருக்கும். அறுவடை செய்த விதையை வீட்டில் உலர்த்துவோர் பூனை படுத்துப் புரளாத இடத்தில் உலர்த்தி, மூட்டையை இறுகக் கட்டி வைக்க வேண்டும்.

ஆமணக்கு, நித்தியகல்யாணி, ஊமத்தை ஆகிய மூன்றையும் இந்தத் தரத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தரம்: எட்டாத இடத்தில் மட்டும்

சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும், சரியாக வேகாத சேப்பங்கிழங்கு நாக்கைச் சுணைக்கும். அதற்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசிப் படிகங்கள். புளி சேர்த்துச் சமைத்து நாம் சமாளிக்கிறோம். நம் வீடுகளில் அதிகம் உள்ள அழகுச் செடிகளில் பாதி இந்தச் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மணிபிளான்ட், டிஃபன்பேக்கியா, அக்லோனிமா, சிங்கோனியம், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, கலேடியம், ஆந்தூரியம், இசட்.இசட். பிளான்ட், பீஸ் லில்லி எல்லாம் இதில் அடக்கம். கடித்த உடனே பூனைக்கு வாய் எரியும், எச்சில் ஒழுகும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், இரை எடுக்காது. பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். தொண்டை வீங்கி மூச்சு விடச் சிரமப்பட்டால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

வயிற்றைக் கெடுப்பவை அடுத்த கூட்டம். சோற்றுக்கற்றாழை, மருள் இனத்தைச் சேர்ந்த ஸ்நேக் பிளான்ட், டிரசீனா, எலுமிச்சைப்புல், சாமந்தி ஆகியவற்றைத் தின்றால் வாந்தி, கழிச்சல் வரும். குழந்தைக்குச் சளி பிடித்தால் சாறெடுத்துக் கொடுக்கும் ஓமவல்லியும் இந்தக் கூட்டம்தான். அதன் வாசனை எண்ணெய் பூனையின் உடலுக்கு ஒத்துவராது.

வெங்காயமும் பூண்டும் தனி. இவற்றின் தாள், கிழங்கு இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும். ஒரே நாளில் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சோர்ந்து படுக்கும். மாடியில் வெங்காயத்தாள் வளர்ப்பவர்கள் வலை போட்டு மூடுங்கள். வெங்காயம் சேர்த்த குழம்புச் சோற்றைப் பூனைக்கு வைக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

'எட்டாத இடம்' என்று சொல்வது எளிது. நன்கு வளர்ந்த பூனை நின்ற இடத்திலிருந்து ஐந்தடி உயரம் தாவும். அதனால் அலமாரித் தட்டும் ஜன்னல் திண்டும் எட்டாத இடம் ஆகாது. பக்கத்தில் மேசையோ கட்டிலோ இல்லாத இடத்தில், உத்தரத்திலிருந்து தொங்கும் தொட்டிதான் பாதுகாப்பு. மணிபிளான்ட் கொடி கீழே இறங்கி வந்தால் அதுவும் பயனில்லை. மாதம் ஒருமுறை நுனியைக் கத்தரித்துவிடுங்கள். கத்தரித்ததைத் தரையில் போட்டுவைக்காதீர்கள். குட்டிகள் உள்ள வீட்டில் இந்தச் செடிகளை ஓராண்டு வெளியில் வைத்துவிட்டு, பூனை வளர்ந்து நிதானமான பிறகு உள்ளே கொண்டுவருவது நல்லது.

மூன்றாம் தரம்: நிம்மதியாக வைக்கலாம்

கூடத்துக்கு உயரமான செடி வேண்டும் என்றால் அரிகா பாம் வையுங்கள். இது உண்மையான பாம், பூனைக்குக் கேடில்லை. 12 அங்குலத் தொட்டியில் செம்மண், மட்கிய தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமபங்கு கலந்து நடலாம். நேர் வெயில் படாத, நல்ல வெளிச்சமுள்ள இடம் போதும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். உப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டால் ஓலை நுனி கருகும். மழைநீர் இருந்தால் அதைக் கொடுங்கள்.

தொங்கும் தொட்டிக்கு ஸ்பைடர் பிளான்ட். மணிபிளான்ட்டுக்கு நல்ல மாற்று. வெள்ளைக் கோடு போட்ட நாடா இலைகள், நுனியில் தொங்கும் குட்டிச் செடிகள். அந்தக் குட்டியை எடுத்து நட்டாலே அடுத்த தொட்டி தயார். பூனைக்கு இதைக் கடிப்பதில் தனி ஆசை உண்டு. கடித்தாலும் நஞ்சில்லை, நிறையத் தின்றால் மட்டும் வாந்தி எடுக்கும்.

குளியலறை ஜன்னல், சமையலறை ஓரம் போன்ற ஈரப்பதமான இடங்களுக்கு பாஸ்டன் ஃபெர்ன். கரூர், திருநெல்வேலி போன்ற வறண்ட ஊர்களில் கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பிய தட்டின்மேல் தொட்டியை வைத்தால் இலை கருகாது. தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது.

வண்ண இலைகள் வேண்டுமா? அக்லோனிமாவுக்கும் டிஃபன்பேக்கியாவுக்கும் பதிலாக கலாத்தியா, மராண்டா வையுங்கள். மேசைமேல் வைக்கச் சிறிய செடி என்றால் பெப்பரோமியா. கற்றாழை போன்ற தோற்றம் பிடிக்கும் என்றால் ஹாவொர்த்தியா, எச்செவெரியா. இவற்றுக்கு வாரம் ஒரு தண்ணீர் போதும். பூ வேண்டும் என்பவர்களுக்கு ஃபெலனாப்சிஸ் ஆர்கிட் பாதுகாப்பானது.

பால்கனியிலும் முற்றத்திலும் ரோஜா, மல்லிகை, முல்லை, ஜெர்பெரா, ஜினியா, சூரியகாந்தி, கல்வாழை தாராளமாக வைக்கலாம். சமையலறைத் தொட்டிக்குக் கொத்தமல்லியும் திருநீற்றுப்பச்சிலையும் நல்லவை.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்

செடி வாங்கும்போது ஏற்படும் குழப்பம் பெரும்பாலும் பெயரால் வருவதே. லில்லி என்று பெயர் வைத்த எல்லாம் ஒன்றல்ல. லிலியமும் டே லில்லியும் பூனையைக் கொல்லும். பீஸ் லில்லி வாயை அரிக்கும், அவ்வளவுதான். ஸ்பைடர் லில்லி வாந்தியை உண்டாக்கும். கன்னா லில்லி என்பது நம் கல்வாழை, கேடில்லை. ஸ்பைடர் லில்லிக்கும் ஸ்பைடர் பிளான்ட்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை.

லக்கி பேம்பூ மூங்கிலே அல்ல, அது டிரசீனா. தின்றால் வாந்தி வரும், கண்மணி விரியும். அஸ்பராகஸ் ஃபெர்ன் என்பது ஃபெர்ன் அல்ல. தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. அதன் சிவப்புப் பழங்கள் வயிற்றைக் கெடுக்கும். அரிகா பாம் வாங்கப்போய் சாகோ பாம் வாங்கி வந்தால் நிலைமை தலைகீழ்.

அதனால் நர்சரியில் விற்பனைப் பெயரோடு நிறுத்தாமல் தாவரவியல் பெயரையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் 1866-ல் தொடங்கப்பட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஏ.எஸ்.பி.சி.ஏ., பூனைக்கு ஆகும் செடி, ஆகாத செடி என்று தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. கைப்பேசியில் தாவரவியல் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

பூனைக்கென்று ஒரு தொட்டி

கடிக்கக் கூடாததை மறைப்பது பாதி வேலை. கடிக்கலாம் என்பதைக் கொடுப்பது மீதி வேலை. பூனைக்கென்று ஒரு புல் தொட்டி வைத்துவிட்டால் மற்ற செடிகளை அது நாடுவது குறையும்.

கோதுமையை இரவு முழுவதும் ஊறவைத்து, இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டில் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து பரப்பி, நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண் மூடி, தண்ணீர் தெளியுங்கள். ஏழு முதல் பத்து நாளில் நான்கு அங்குலப் புல் தயாராகும். வாரம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி விதைத்தால் எப்போதும் பசுமை இருக்கும். இதற்கு மளிகைக் கடைக் கோதுமையே போதும். விதை நேர்த்தி செய்த, சாயம் பூசிய விதையைத் தொடவே கூடாது; அதில் பூஞ்சாணக்கொல்லி இருக்கும். சோளத்தையும் தவிர்த்துவிடுங்கள். இளம் சோளப் பயிரில் மாட்டைச் சாய்க்கும் சயனைடு நஞ்சு இருப்பதை விவசாயிகள் அறிவார்கள். அருகம்புல்லை வேரோடு பெயர்த்துத் தொட்டியில் வைப்பதும் எளிது. களைக்கொல்லி அடிக்காத இடத்திலிருந்து எடுங்கள்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அதை மோந்து, நக்கி, புரண்டு மயங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வேரின் வாசனைக்கு வரும் மயக்கம் அது. மோந்து விளையாடட்டும், ஆனால் இலையைத் தின்னக் கொடுக்காதீர்கள்.

தொட்டி மண்ணும் மருந்தும்

செடி நல்லதாக இருந்தும் தொட்டியில் போட்டது பூனையைக் கொல்லலாம். மண்ணைத் தோண்டுவது பூனையின் வழக்கம். எலும்புத்தூள், மீன் கழிவு உரம் போட்டால் வாசனைக்கு வந்து தின்னும். ஆமணக்குப் புண்ணாக்கில் நஞ்சு மிச்சம் இருக்கலாம்; வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டாம். மண்புழு உரமோ, நன்கு மட்கிய தொழுவுரமோ போதுமானது.

குருணை மருந்துகளையும், நத்தைக்கு வைக்கும் இரையையும் வீட்டுத் தொட்டியில் போடவே கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து நாய்க்குத் தாங்கும், பூனைக்குத் தாங்காது. நடுக்கமும் வலிப்பும் வரும். பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், அல்லது காதி சோப்புக் கரைசலைத் தெளித்து, ஒரு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். காயும்வரை பூனையை அண்ட விடாதீர்கள்.

பூனையை விரட்டத் தொட்டியில் நாப்தலின் உருண்டை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நஞ்சு. மண்ணின் மேல் கூழாங்கல்லோ, தேங்காய் மட்டைத் துண்டுகளோ அடுக்கினால் பூனை தோண்டாது, ஈரமும் நிற்கும்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் வாயையும் மூக்கையும் துடையுங்கள். முடியில் மகரந்தம், பால் ஒட்டியிருந்தால் அது நக்குவதற்கு முன் துடைத்து எடுங்கள். உப்புத் தண்ணீர், எண்ணெய் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மூச்சுக்குழலில் போனால் அதுவே ஆபத்து. மனித மாத்திரை எதுவும் கூடாது. செடியின் ஒரு கிளையை உறையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்பதைக் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்.

லில்லி என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. தின்ற 18 மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சிறுநீர் நின்ற பிறகு கொண்டுபோனால் காப்பாற்றுவது மிகக் கடினம். 'வாந்தி நின்றுவிட்டது, காலையில் பார்க்கலாம்' என்று விடும் அந்த ஓர் இரவுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் உள்ளன. உங்களுக்கு அருகில் இரவிலும் பார்க்கும் மருத்துவர் யார் என்பதை இன்றே விசாரித்து எழுதிவையுங்கள்.

நர்சரி நடத்துவோருக்கு

ஒவ்வொரு தொட்டியிலும் விற்பனைப் பெயருடன் தாவரவியல் பெயரையும் எழுதிய சீட்டு வையுங்கள். பூனைக்கு ஆகும் செடிகளைத் தனி வரிசையில் அடுக்கி ஒரு பலகை மாட்டினால், பூனை வளர்ப்பவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். ஸ்பைடர் பிளான்ட், ஃபெர்ன், பெப்பரோமியா எல்லாம் குறைந்த செலவில் பெருக்கக் கூடியவை. கோதுமைப் புல் தட்டுகளையும் விற்கலாம். லில்லி விற்கும்போது 'வீட்டில் பூனை இருக்கிறதா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாசகர் கேள்விகள்

'பசுமைக்குடிலில் லிலியம் வளர்க்கிறோம். எலிக்காகப் பூனையும் வைத்திருக்கிறோம். என்ன செய்வது?' (குன்னூர் வாசகர்)

பூ அறுத்துத் தரம் பிரிக்கும் அறைக்குள் பூனை நுழையாதபடி வலைக்கதவு போடுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவி, சட்டையை மாற்றிய பிறகு பூனையைத் தொடுங்கள். கழித்த இலை, பூ, பழைய கிழங்கு ஆகியவற்றைத் திறந்த குப்பையில் போடாமல் மூடிய குழியில் போடுங்கள். பூ வைத்த வாளித் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். குடில் பகுதியில் எலிக்குப் பொறி வைப்பதே மேல். நஞ்சு வைத்தால், நஞ்சு தின்ற எலியைத் தின்று பூனை சாகும்.

'வாசலில் துளசியும் செம்பருத்தியும் இருக்கின்றன. எடுத்துவிட வேண்டுமா?' (மதுரை வாசகி)

வேண்டாம். துளசியை மோந்துவிட்டு நகர்ந்துவிடும். ஓரிரு இலையால் கேடு வராது. செம்பருத்தியை நிறையத் தின்றால் வயிறு இளகலாம், அவ்வளவே. துளசி எண்ணெய், கிராம்பு எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் போன்ற வடித்த எண்ணெய்களைப் பூனைமேல் பூசுவதுதான் தவறு.

'பத்து வருடமாக மணிபிளான்ட் இருக்கிறது. எங்கள் பூனைக்கு ஒன்றும் ஆகவில்லையே?' (கோவை வாசகர்)

உங்கள் பூனை அதைக் கடிக்கவில்லை என்றுதான் பொருள். வளர்ந்த பூனை பழகிய செடியைக் கண்டுகொள்ளாது. புதிதாக ஒரு குட்டி வந்தால் கணக்கு மாறும். கொடியைச் சுருக்கிக் கத்தரித்து, மேலே தொங்கவிடுங்கள். ஆனால், மணிபிளான்ட்டுக்குச் சொன்ன இந்தச் சமாதானத்தை லில்லிக்கும் சைகஸுக்கும் சொல்லாதீர்கள்.

'கிராமத்தில் பூனை வெளியே திரிகிறது. வேலியோரம் ஆமணக்கு, எருக்கு, அரளி எல்லாம் இருக்கின்றன. எதை வெட்டுவது?' (தாராபுரம் வாசகர்)

எல்லாவற்றையும் வெட்ட முடியாது, தேவையும் இல்லை. வெளியில் திரியும் பூனைக்குப் புல் இருக்கிறது, வேட்டை இருக்கிறது. வேலியில் நிற்கும் செடியைவிட, வெட்டி வீட்டுக்கருகே குவித்த கிளையும், திண்ணையில் உலர்த்தும் விதையும்தான் ஆபத்து. கவாத்துக் கழிவை அன்றே அப்புறப்படுத்துங்கள். ஆமணக்கு, கண்வலி விதைகளை மூடி வையுங்கள். இது பூனைக்கு மட்டுமல்ல, ஆட்டுக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.